சட்டம் கேளுங்கள்: ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வாப்பா காலத்திலிருந்து வீட்டில் தறி போட்டுச் சாரன், சேலை நெய்கிறோம். ‘மருதமுனை கைத்தறி’ என்று லேபல் அடித்து விற்கிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரும் பதிந்திருக்கிறேன். இப்போது ஒரு கடையில் மில் துணிக்கு அதே பெயரை ஒட்டி விற்கிறார்கள். அந்தப் பெயரை எனக்கென்று பதிய முடியுமா?
- வாசகர், மருதமுனை

பதில்: முடியாது தம்பி. முடியக்கூடாது என்பதுதான் என் கட்சியும். உங்கள் தெருவில் தறி வைத்திருப்பவர்களெல்லாம் நாளைக்கு உங்களிடம் வந்து அனுமதி கேட்டு நிற்பதா? வெறும் ஊர்ப் பெயரைத் தனி ஆளின் வியாபாரக் குறியாக (டிரேட் மார்க்) பதிய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

பிரதேச செயலகப் பத்திரத்தையும் நம்பி இருக்காதீர்கள். அதைப் பிரேம் போட்டு என் மேசைக்குக் கொண்டுவருகிறவர்கள் அதிகம். இன்னார் இன்ன பெயரில் தொழில் செய்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய லேபலைப் பார்த்தேன். மூலையில் நூல்கண்டைக் கொத்திக்கொண்டு ஒரு கொக்கு நிற்கிறதே, வாப்பா வரைந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் சொத்து. அந்தக் கொக்குக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டையும் வியாபாரக் குறியாகப் பதியச் சொல்லி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். எந்த வகைப் பொருளுக்கு என்று விண்ணப்பத்தில் வகுப்பு எண் போடவேண்டும்: சாரனும் சேலையும் 25ஆம் வகுப்பு. மேசை விரிப்பு, கட்டில் விரிப்பு 24. ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் போடுவார்கள். மற்றவர்கள் ஆட்சேபிக்க மூன்று மாதம். பதிந்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

சரி, மில் துணிக்காரர்? எங்கே செய்தது என்பதில் வாங்குகிறவரை ஏமாற்றுவது அதே சட்டத்தில் முறையற்ற போட்டி. அதற்கு உங்கள் பெயரில் குறி பதிந்திருக்கவேண்டும் என்றில்லை. சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

ஊர்ப் பெயரைக் காக்க வழி வேறு. 2022இன் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் புவியியல் குறியீடுகளுக்கென்று, அதாவது ஒரு பொருள் இன்ன இடத்தது என்று காட்டும் பெயர்களுக்கென்று, பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தது. நம் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதுகாப்புக் கிடைத்ததும் அதே வருடம்தான். நெசவாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்கவேண்டிய விஷயம் இது. எந்த நூல், எந்தத் தறி, என்ன முறை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு எழுதவேண்டும். சட்டத்தைவிடக் கஷ்டம் அந்த ஒத்துக்கொள்ளல்தான்; ஒரு கூட்டம் கூட்டிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம், புது லேபல் அச்சடிக்கக் கொடுத்தால், பதிவு கிடைக்குமுன் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட விடாதீர்கள். பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.