ஏரிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறாம், ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். பத்து நிமிட நடையில் ஏரி. அங்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்த ஆசை. ஆனால் தண்ணீரை நினைத்தால் பயம். எனக்குப் பறவைப் பெயர்களும் தெரியாது. பேசாமல் வேடந்தாங்கலுக்கு ஒருநாள் பஸ் வைத்துவிடலாமா?"

வேடந்தாங்கலுக்கும் போய்வாருங்கள் டீச்சர், நல்லதுதான். ஆனால் அது அந்த ஒருநாளோடு முடிந்துவிடும். உங்கள் ஊர் ஏரிக்கு மாதம் இருமுறை போங்கள், அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு. "போன தடவை இங்கே தண்ணி இருந்துச்சே" என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்லும் நாளில்தான் பாடம் தொடங்குகிறது.

உங்கள் பயம் நியாயமானது. நம் ஏரிகளில் கரையைவிட ஆபத்து உள்ளே இருக்கிறது. வண்டல், சவுடு என்று மண் வெட்டிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் முங்கிவிடும். அதனால் எந்தப் பிள்ளையும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, இதில் விதிவிலக்கே வேண்டாம். தண்ணீருக்குப் பத்தடி இந்தப்பக்கம் தரையில் ஒரு கயிற்றைப் போட்டுவிடுங்கள், அதுதான் எல்லை. 38 பேரையும் ஒரே நாளில் கூட்டிப்போகாமல் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஓர் அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முந்தின நாள் நீங்களே போய்க் கரையை நடந்து பாருங்கள்: உடைந்த பாட்டில், மரத்தில் தேனடை, சாக்கடை கலக்கும் இடம். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கரை வழுக்கும், ஜனவரியில் தொடங்கலாம்.

பிள்ளைகள் தண்ணீருக்குப் போகக் கூடாது என்றால், தண்ணீர் பிள்ளைகளிடம் வரட்டும். பெரியவர் ஒருவர் படித்துறையில் நின்று, பாசியும் செடியும் உள்ள ஓரத்தில் கயிறு கட்டிய வாளியால் மொண்டு வரட்டும். கையில் இருக்க வேண்டியது டீ வடிகட்டி, ஸ்பூன், வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். ஐந்து பேருக்கு ஒரு தட்டு. தட்டில் ஊற்றியதும் கலங்கலாக, ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நீங்கள் பேசாமல் இருங்கள். மண் அடங்கியதும் ஒரு 'குப்பை' நகரும்.

பெரும்பாலும் அது தட்டானின் இளம்புழுவாக இருக்கும். சேற்று நிறம், ஆறு கால், இறக்கை இல்லை. ஸ்பூனால் பக்கத்தில் தொட்டால் விருட்டென்று முன்னால் பாயும். பின்புறத்தால் உள்ளே இழுத்த தண்ணீரைப் பீய்ச்சி, அந்த உந்தலில்தான் பாய்கிறது. முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வும். ஒருமுறை கோரைத் தண்டில் ஒட்டியிருந்த வெறும் தோல் ஒன்றை ஒரு சிறுமி எடுத்துவந்தாள். முதுகில் நீளமாகப் பிளவு, உள்ளே வெள்ளை நூல்போல இழைகள். "இதுக்குள்ள இருந்தது எங்க போச்சு?" என்றாள். தலைக்கு மேலே தட்டான்கள் பறந்துகொண்டிருந்தன. நான் பதில் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். அந்த இழைகள் புழுவின் மூச்சுக்குழல் உறை என்பதைப் பிறகு சொல்லிக்கொடுத்தேன்.

தட்டில் கைவிட வேண்டாம், சில நீர்ப்பூச்சிகள் நறுக்கென்று கடிக்கும். கையில் புண் உள்ள பிள்ளைக்கு நோட்டில் எழுதும் வேலை கொடுங்கள், எலிக்காய்ச்சல் புண் வழியாக வரும். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் மொண்ட இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

பெயர் தெரியாதது குறையே இல்லை. தலையில் வெள்ளைப் பட்டை உள்ள கறுப்புக் கோழி, முங்கிமுங்கி எழும் குட்டி வாத்து என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டால் நாமக்கோழி, முக்குளிப்பான் என்று தானே வந்துசேரும். 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியையும் சேர்த்துவிடலாம். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணிப் பதிந்தால் போதும்.

மாதாமாதம் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று தூரத்திலிருந்தே எண்ணி, தேதியோடு குறிக்க வேண்டும். ஜனவரியில் இரண்டு படி தெரிந்த இடத்தில் ஏப்ரலில் எத்தனை தெரிகிறது, மதகு எப்போது திறந்தார்கள், கொக்கு எப்போது கூடியது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை மற்றவர்களுக்கு விளக்குவான், நீங்கள் வாய் திறக்கவே வேண்டியிருக்காது. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாழப் பறந்த நாளையும் மழை பெய்த நாளையும் தனித்தனியாகக் குறிக்கட்டும். பலிக்காத நாளையும் எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

அந்த நோட்டுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளை ஒரு கேள்வியாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் "எனக்கும் தெரியாது, அடுத்த தடவை பார்ப்போம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.