ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுபவர்

மார்பகத் திசுக்களை இருபத்தாறு ஆண்டுகளாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவரும் பேதாலஜிஸ்ட் ஒருவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மனைவிக்கு மார்பில் ஊசி பயாப்ஸி எடுத்து ஐந்து நாள் ஆகிவிட்டது. கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்கிறார்கள். நூல் மாதிரி இருந்த சதையைப் பார்க்க இத்தனை நாளா, டாக்டர்?

அந்த ஐந்து நாளும் உங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எடுத்த துண்டு உடனே ஃபார்மலினுக்குள் போகிறது. குறைந்தது 6 மணி நேரம் அதில் ஊறினால்தான் செல்கள் சிதையாமல், இருந்தது இருந்தபடி நிற்கும். அப்புறம் இரவெல்லாம் ஒரு மெஷினில் இருக்கும். ஆல்கஹால் அதிலுள்ள நீரை வெளியேற்றும், சைலீன் அந்த ஆல்கஹாலை வெளியேற்றும், பிறகு உருக்கிய மெழுகு உள்ளே இறங்கும். காலையில் அதை ஒரு மெழுகுக் கட்டியில் பதிப்பார்கள். நாங்கள் அதை 'பிளாக்' என்போம். அந்தப் பிளாக்கை மைக்ரோடோமில் மாட்டி, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அது. சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நாடா போல வரும். எங்கள் டெக்னீஷியன் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூரிகை நுனியால் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவார். சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து ஏந்துவார். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த ஒரு நொடி எனக்கு அலுக்கவே இல்லை. சாயம் ஏற்றியதும் செல்லின் கரு நீலமாகவும், மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். என் மேசைக்கு வருவது அந்த ஸ்லைடுதான்.

புற்று என்று தெரிந்தால், 'ரிசெப்டர்', அதாவது செல்லை வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறதா என்ற பரிசோதனைகளுக்காக அதே பிளாக்கிலிருந்து மறுபடி சீவ வேண்டும். அதற்கு இன்னும் ஓரிரு நாள் ஆகும். இனி கேட்கும்போது 'ரிப்போர்ட் வந்துவிட்டதா' என்று மட்டும் கேட்காமல், 'எந்தப் பரிசோதனை பாக்கி?' என்று கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: நோயாளியின் முகத்தையே பார்க்காத இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள்?

சர்ஜன் ஆகத்தான் ஆசைப்பட்டேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒரு ஸ்லைடை வைத்து, "என்னம்மா இது?" என்றார். சட்டென்று அதிக உருப்பெருக்கத்துக்குப் போனேன். நெருக்கமான சின்னச் சின்னக் குழல்கள், நடுவே இறுகிய நார்த்திசு. "பரவிய புற்று சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸைத் திருப்பிக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் குழல்கள் எல்லாம் ஒழுங்கான வட்டக் கூட்டமாக, தங்கள் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு குழலைச் சுற்றியும் மயோஎபிதீலியல் செல்கள் வரிசையாக நின்றன. குழலைத் தாண்டிப் பரவிய புற்றில் அந்த வரிசை இருக்காது. அது ஸ்க்ளீரோஸிங் அடினோஸிஸ், புற்றே அல்ல.

என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு பெண் தேவையில்லாமல் மார்பை இழந்திருப்பாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்தத் துறையிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தது அந்த வாரம்தான். முகத்தைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் படிவத்தில் பெயரையும் வயதையும் படிக்காமல் ஒரு ஸ்லைடைக்கூட நான் வைத்ததில்லை.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று போட்டிருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜா? பயமாக இருக்கிறது.

இல்லை. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது செல்களின் குணம். குழல்கள் எவ்வளவு உருவாகியிருக்கின்றன, கருக்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று மூன்றைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். கூட்டினால் 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலேயே பிடிபடுவதும் உண்டு. ஸ்டேஜ் என்ன என்பதை உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வார்களா? வேறொருவரிடம் காட்டினால் முதல் டாக்டர் கோபப்படுவாரா?

சொல்வதுண்டு. அமெரிக்காவில் 115 பேதாலஜிஸ்ட்களிடம் மார்பக ஸ்லைடுகளைக் கொடுத்து, நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டார்கள். 2015-ல் அதன் முடிவு வெளிவந்தது. குழலைத் தாண்டிப் பரவிய புற்றில் 96 சதவீதம் ஒத்துப்போனது. ஆனால் 'அடிப்பியா' எனும் இடைநிலை மாற்றங்களில் 48 சதவீதம்தான். பாதிகூட இல்லை! சாதாரணத்துக்கும் புற்றுக்கும் நடுவில் இயற்கை கோடு எதுவும் கிழித்து வைக்கவில்லை, நாங்கள்தான் கிழிக்கிறோம். ஆகவே ரிப்போர்ட்டில் அடிப்பியா என்றோ, குழலுக்குள்ளேயே அடங்கிய டி.சி.ஐ.எஸ். என்றோ இருந்தால், ஆபரேஷனுக்கு முன் இன்னொருவர் பார்ப்பது நல்லது. ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும் கேட்டு வாங்கிப் போங்கள். கோபமா? சிக்கலான ஸ்லைடை நானே பக்கத்து மேசைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேனே!

கேள்வி: உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

கடிகாரத்தைப் பற்றி. கதையைச் சொன்னால் புரியும்.

பல வருடங்களுக்கு முன் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ஸ்லைடு வந்தது. கிரேடு 1 கட்டி, அழகாகக் குழல் கட்டியிருந்தது. இப்படிப்பட்ட கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் அநேகமாக எப்போதும் இருக்கும். ரிசெப்டர் இருந்தால் அதற்கான தனிச் சாயத்தில் கரு பழுப்பாகும். இந்த ஸ்லைடில் ஒரு கருகூடப் பழுப்பாகவில்லை. 'நெகட்டிவ்' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். ஏதோ உறுத்தியது. கட்டியை விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த சாதாரணப் பால்குழலைப் பார்த்தேன். சாதாரணக் குழலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புக் கருக்கள் இருந்தே தீர வேண்டும். அதிலும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் கோளாறு பரிசோதனையில்தான், அந்தப் பெண்ணின் கட்டியில் அல்ல.

விசாரித்தோம். ஆபரேஷன் நடந்தது சனிக்கிழமை சாயங்காலம். எடுத்த மார்பகத்தை அறுக்காமல் முழுசாக ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வரை அப்படியே இருந்திருக்கிறது. ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். நடுவில் இருந்த கட்டியை அது சென்று சேர்வதற்குள் புரதங்கள் சிதைந்துவிட்டன. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஊசி பயாப்ஸியின் பிளாக்கை வரவழைத்துச் சோதித்தோம். பத்தில் ஒன்பது கருக்கள் அடர்பழுப்பு!

நெகட்டிவ் என்று எழுதியிருந்தால் அவருக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கிடைத்திருக்காது. ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய மருந்து, நோய் திரும்புவதைத் தடுக்கும் மருந்து, என் ஒரு வார்த்தையால் இல்லாமல் போயிருக்கும்.

அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நானும் டெக்னீஷியனும் படிவத்தில் மூன்று கட்டங்கள் சேர்த்தோம்: உடலிலிருந்து எடுத்த நேரம், அறுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். முதலில் ஆபரேஷன் தியேட்டரில் முனகினார்கள். நானே போய் நின்று, அந்த இரண்டு ஸ்லைடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கட்டங்கள் காலியாக வந்ததே இல்லை. தாமதம் கூடக் கூடப் பழுப்பு நிறம் எப்படி வெளுக்கிறது என்பதைத்தான் அன்றிலிருந்து பதிவு செய்துவருகிறோம். அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் பேதாலஜிஸ்ட்கள் சங்கமும் 2010-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையிலும் இந்தக் கடிகாரம் இருக்கிறது: எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், அதில் 6 முதல் 72 மணி நேரம். ஒரு சதவீதக் கருக்கள் பழுப்பானாலே பாசிட்டிவ் என்று சொன்னதும் அதே நெறிமுறைதான். ஒரு சதவீதத்தில் சிகிச்சையே மாறும் என்னும்போது, டப்பாவில் போன நேரத்தை எப்படி அலட்சியம் செய்வது?

கேள்வி: 'ஹெர்-2: 2+' என்று இருக்கிறது. இருக்கிறதா, இல்லையா?

ஹெர்-2 என்பதும் ஒரு ரிசெப்டர்தான். 2+ என்றால் அதற்கான சாயத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்து முடிவு சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். அதில் நெகட்டிவ் வந்தாலும் '2+' என்ற குறிப்பு ரிப்போர்ட்டில் இருக்கட்டும். வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோயில், குறைந்த அளவு ஹெர்-2 உள்ளவர்களுக்கும் பலன் தரும் மருந்து உண்டு என்று 2022-ல் தெரியவந்திருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 9 வருடத்துக்கு முன் மார்பக ஆபரேஷன் ஆனது. இப்போது இடுப்பு எலும்பில் பரவியிருக்கலாம் என்கிறார்கள். பழைய சதையை இப்போது சோதிக்க முடியுமா?

முடியும். மெழுகுக்குள் இருக்கும் திசு பல ஆண்டு தாங்கும். ஆபரேஷன் நடந்த இடத்தில் பழைய பயாப்ஸி எண்ணைச் சொல்லி பிளாக்கைக் கேளுங்கள். எண் தொலைந்துபோயிருந்தால் அம்மாவின் பெயரும், ஆபரேஷன் நடந்த மாதமும் வருடமும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

ஆனால் பழையது மட்டும் போதாது. பரவிய இடத்தில் ரிசெப்டர்கள் மாறியிருக்கலாம், ஆகவே எலும்பிலிருந்தும் எடுத்துப் பார்ப்பது நல்லது. அங்கேதான் ஒரு சிக்கல். எலும்பைச் சீவ வேண்டுமானால் முதலில் அதன் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அவசரத்துக்கு வீரியமான அமிலத்தில் போட்டால் ரிசெப்டர் பரிசோதனை கெட்டுப்போகும், ஃபிஷ் சுத்தமாக வராமலே போகலாம். ஈ.டி.டி.ஏ. என்ற கரைசல் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் திசுவைக் காப்பாற்றும். எனவே எலும்பு பயாப்ஸி எடுக்கும் அன்று டாக்டரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "மார்பகப் புற்று, ரிசெப்டர் பரிசோதனை தேவை" என்று படிவத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரியைப் பார்த்தால் லேபில் அமிலத்தைத் தொட மாட்டார்கள்.