உபுண்டுவில் யுஎஸ்பி கேம்பேடின் விளக்கு எரிகிறது, விளையாட்டு மட்டும் கண்டுகொள்ளவில்லை. டிரைவர் எங்கே கிடைக்கும்?

டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். அது பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கேம்பேடுகளை எக்ஸ்பேட் என்ற டிரைவர் பார்த்துக்கொள்ளும். பெயர் தெரியாத மலிவு வகைகளுக்குப் விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்கான பொதுவான எச்ஐடி டிரைவரே போதும். பெட்டியோடு வரும் குறுந்தகட்டைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம்.

டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுங்கள், இணைந்திருக்கும் யுஎஸ்பி கருவிகளை அது பட்டியலிடும். பட்டியலில் உங்கள் கேம்பேட் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிளிலும் விளக்கு அழகாக எரியும். பட்டியலில் இருந்தால், ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே (jstest-gtk) என்ற சிறு மென்பொருளை நிறுவிப் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். அங்கே அசைவு தெரிகிறதா? அப்படியானால் கெர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது.

என் அனுபவத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். லினக்ஸ் விளையாட்டுகள் பலவும் எஸ்டிஎல் என்ற நிரல் நூலகத்தை நம்பியிருக்கின்றன. எந்தக் கேம்பேடில் எந்த எண்ணுள்ள பொத்தான் 'ஏ', எது 'பி' என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத கேம்பேட் வெறும் ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். எக்ஸ்பாக்ஸ் அமைப்பை எதிர்பார்க்கும் விளையாட்டு அதைச் சட்டை செய்யாது, அல்லது குதிக்கச் சொன்னால் சுடும்.

முதலில் கேம்பேடைத் திருப்பிப் பாருங்கள். லாஜிடெக் எஃப்310-இன் பின்புறம் எக்ஸ், டி என்று ஒரு சுவிட்ச் உண்டு. எக்ஸ் பக்கம் தள்ளினால் எக்ஸ்பேட் அதை எடுத்துக்கொள்ளும், தொல்லை தீர்ந்தது. சுவிட்ச் இல்லாத சில மாடல்களில் நடுப்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இதே மாற்றம் நடக்கும். இரண்டும் இல்லையென்றால், ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைச் செயலியின் கண்ட்ரோலர் அமைப்புகளில் ஒவ்வொரு பொத்தானையும் நீங்களே அடையாளம் காட்டலாம். ஸ்டீமில் வாங்காத விளையாட்டையும் அதில் சேர்த்து, அதன் வழியாகவே திறந்தால் அந்த அமைப்பு செல்லும்.

எதற்காகவும் விளையாட்டை ரூட் அனுமதியோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, இயக்காதீர்கள். இணையத்தில் அப்படி இயக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் உலவுகிறது, எரிச்சலூட்டுகிறது.

விசைப்பலகையை மட்டுமே அறிந்த பழைய விளையாட்டு என்றால் ஆன்டிமைக்ரோஎக்ஸ் (AntiMicroX) என்ற மென்பொருள் போதும். கேம்பேட் பொத்தானை அழுத்தினால் விசையை அழுத்தியதாகவே அது விளையாட்டிடம் சொல்லிவிடும்.