விராலுக்கு எந்த ராடு, கொடுவாவுக்கு எந்த லூர்? எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்தும் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளைப் படித்தபோது, பலரும் ராடை, அதாவது தூண்டில் கோலை, முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற லூரை, அதாவது செயற்கை இரையை, தேடி அலைவது தெரிந்தது. மீன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து லூரையும், லூரின் எடையைப் பொறுத்து ராடையும், கடைசியில் நூல் சுற்றும் ரீலையும் நூலையும் முடிவு செய்வதே சரியான வரிசை என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வரிசையை ஒட்டியே அமைந்துள்ளன.

கடையில் ‘பாஸ் ராடு’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எங்கள் ஏரிகளில் இருப்பது விரால்தான். அதற்கு இது சரிப்படுமா? எத்தனை அடி நீளம் வாங்கலாம்? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

சரிப்படும்; ஆனால் பாஸ் ராடு என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. காணொளிகளில் நாம் பார்க்கும் பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட பத்துக் கிலோ மீனும், 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட அதே அளவு மீனும் அதன் உலகச் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் ஏரிகளில் அந்த மீன் கிடையாது. ஆயினும் கொடிக்கும் பாசிக்கும் அடியில் பதுங்கியிருந்து, தலைக்கு மேலே போகும் தவளையை ஒரே பாய்ச்சலில் கவ்வுகிற பழக்கம் அதற்கும் விராலுக்கும் பொதுவானது என்பதால், பாஸ் ராடுகளுள் பாசி நிறைந்த நீருக்காகச் செய்யப்பட்ட வகை விராலுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

கைப்பிடிக்குச் சற்று மேலே ராடின் உடலில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். நீளம், பவர், லூரின் எடை, நூலின் தடிமன் ஆகிய நான்கும் அதில் இருக்கும்; அவற்றுள் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது லூரின் எடை. விராலுக்கு நாம் வீசும் ரப்பர்த் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 18 கிராம் வரை இருக்கின்றன. எனவே 7 முதல் 28 கிராம் வரை என்றோ அதற்கு அருகிலோ அச்சிட்ட, மீடியம் ஹெவி பவர் உள்ள ராடு போதுமானது. 20 முதல் 60 கிராம் என்று அச்சிட்ட தடித்த ராடில் 10 கிராம் தவளையைக் கட்டி வீசினால், ராடு வளையாமல் விறைத்து நிற்கும், தவளையும் காலடியிலேயே விழும். பலம் அதிகமானால் நல்லது என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, உங்கள் பகுதியில் வரப்பிலோ ஏரிக்கரையிலோ நின்று வீசும்போது முதுகுக்குப் பின்னால் தென்னை மட்டை தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். திறந்த அணைக்கரைக்கு ஏழடி நன்று. தோப்பை ஒட்டிய குளத்துக்கு ஆறடி ஆறு அங்குலமே வசதி. கடைக்காரர் ‘6.6’ என்று சொல்வதும் இந்த ஆறடி ஆறு அங்குலத்தைத்தான். பேருந்தில் ஏறி இறங்குபவராக இருந்தால் இரு துண்டு ராடு வாங்குங்கள். அதனால் மீன்பிடிப்பில் குறை ஒன்றும் வராது. பூட்டும் இடம் ஆடுகிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீடியம் ஹெவி என்பதும் ஃபாஸ்ட் என்பதும் ஒன்றா? (மீனாட்சிபுரம்)

இல்லை. ராடை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது பவர். அந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் ராடில் நுனிப்பகுதி மட்டும் வளையும், மாடரேட் ராடில் ஏறத்தாழ நடுப்பகுதி வரை வளையும். தவளை லூரின் தடித்த முள் விராலின் கெட்டியான தாடையில் ஏறுவதற்கு ஃபாஸ்ட் வேண்டும். மும்முனை முள் பூட்டிய மின்னோ, கிராங்க் போன்ற மீன் வடிவக் கடின லூர்களுக்கு மாடரேட் நல்லது. அந்த முட்கள் மெல்லியவை, ஆழமாகவும் ஏறாதவை, ஆகையால் ராடு விட்டுக்கொடுத்து வளைந்தால்தான் மீன் துள்ளும்போது வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடாமல் இருக்கும்.

தவளை லூரை விரால் பலமாக அடிக்கிறது. இழுத்தால் வெறும் தவளைதான் வருகிறது. முள் மழுங்கிவிட்டதா, எனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லையா? எந்த நிறத் தவளை நல்லது? (கோவிந்தாபுரம்)

இந்தக் கேள்விதான் எனக்கு மிக அதிகமாக வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருப்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

முதலில் தவளையைக் கையில் எடுத்து, இரு விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்குங்கள். உடல் உடனே சப்பி, முதுகை ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முட்களும் வெளியே தெரிய வேண்டும். மலிவான தவளைகளில் ரப்பர் கெட்டியாக இருப்பதால், விரலுக்கே அமுங்காத உடல் மீனின் வாயில் எப்படி அமுங்கும்? அப்படிப்பட்டதை விட்டுவிட்டு மென்மையான வேறொன்றை வாங்குங்கள். உடல் மென்மையாக இருந்தும் முட்கள் மிகவும் ஒடுங்கியிருந்தால், குறடால் ஒவ்வொரு முள்ளையும் வெளிப்பக்கமாகச் சிறிதளவு விரித்துவிடலாம். அதிகம் விரித்தால் பாசியை அள்ளிக்கொண்டு வரும். முள்ளின் கூர்மையை அறிய அதை நகத்தின் மேல் சாய்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போட வேண்டும், நகத்தில் பதிந்து நின்றால் போதும்.

அடுத்தது இழுக்கும் நேரம். நீர் தெறித்ததும் அதே நொடியில் ராடைத் தூக்குவதே பெரும்பாலான தோல்விக்குக் காரணம். விரால் கீழிருந்து மேலே பாய்ந்து, பாசியையும் தவளையையும் சேர்த்துக் கவ்வி, பிறகு திரும்பி அடிக்குப் போகிறது. அது திரும்புவதற்குள் நீங்கள் இழுத்தால் திறந்த வாயிலிருந்து தவளையை நீங்களே உருவிக்கொள்கிறீர்கள். சத்தத்தைப் பார்க்காமல் நூலைப் பாருங்கள். தவளை மறைந்து, நூல் பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும், ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தித் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, மேல்நோக்கி ஒரே வீச்சில் பலமாகத் தூக்குங்கள். பாசிக்குள் மீனை விளையாட விடக் கூடாது. ரீலிலிருந்து நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை நன்றாக இறுக்கி வைத்து, தலை திரும்பியவுடனே பாசியின் மேலாக இழுத்து வந்துவிட வேண்டும்.

மீன் தவறவிட்டால் லூரை மாற்றாமல் அதே இடத்துக்குச் சற்று அப்பால் மீண்டும் வீசி, மெதுவாகக் கொண்டு வாருங்கள். விரால் பல வேளைகளில் அங்கேயே நிற்கும். சிறிய மீன்கள் காலிழைகளை மட்டும் கவ்வி இழுப்பதாகத் தெரிந்தால் இழைகளைப் பாதியாக நறுக்கிவிடலாம். தவளைக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பின்பக்கம் தாழ்ந்து மிதக்கும். சில வீச்சுகளுக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதுகில் தீட்டிய பச்சையும் புள்ளியும் கடைக்கு வருபவரின் கண்ணுக்காக என்றே நான் நினைக்கிறேன். கீழே இருக்கும் மீன் பார்ப்பது வயிற்றுப் பக்கத்தை மட்டுமே. தெளிந்த பகல் வேளைக்கு வெள்ளை வயிறு ஒன்று, விடியற்காலைக்கும் அந்திக்கும் கறுப்பு ஒன்று என இரண்டு இருந்தால் தாராளம்.

சித்தூர்ப்புழையில் தண்ணீர் கலங்கி ஓடும்போது தவளைக்கு மீன் வருவதில்லை. வேறு என்ன போடலாம்? (சித்தூர்)

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் - ஆழியாறு உடன்படிக்கைப்படி மணக்கடவு வழியாகத் தண்ணீர் திறந்துவிடும் நாள்களில் ஆற்றின் போக்கே மாறிவிடுகிறது. கலங்கிய நீரில் மீன் கண்ணை நம்பாது. உடலின் பக்கக்கோட்டு உணர்வால் அதிர்வை உணர்ந்துதான் இரையைத் தேடும். ஆகவே சுழலும் தகடு உள்ள ஸ்பின்னர்பெய்ட், அல்லது வால் அகலமாக ஆடும் மென்லூரை (ரப்பர் போன்ற மென்மையான லூரை) கோத்த ஜிக்ஹெட், அதாவது ஈயத் தலை வைத்த முள், போடுங்கள். நடு ஆற்றில் வீசுவதை விட்டு, ஓட்டம் உடைந்து திரும்பும் கரையோரம், பாலத் தூணின் பின்பக்கம், வாய்க்கால் வந்து சேரும் முகம் ஆகிய இடங்களில் நீரோட்டத்தோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். அகலத் தகடு நீரில் அதிகமாக இழுக்கும் என்பதால் ரீலை மெதுவாகச் சுற்றினாலே போதும்.

ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டிங் ரீலா? (வாளையார்)

முதல் ரீல் என்றால் ராடின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங், 3000 அளவு. பெய்ட்காஸ்டிங் ரீலில் குறி துல்லியமாக இருக்கும், பாசியிலிருந்து இழுக்கும் பலமும் அதிகம். ஆனால் லூர் வேகம் குறையும் கணத்தில் கட்டைவிரலால் நூல் சுற்றிய ஸ்பூலை அடக்கத் தெரியாவிட்டால் அன்றைய மாலை சிக்கெடுப்பதிலேயே போய்விடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டுக்கும் ராடு வேறு வேறு. ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் கீழ்நோக்கியும் முதல் வளையம் பெரிதாகவும் இருக்கும்.

மீன்கரை அணையில் தங்கூசியே போதும் என்கிறார் எங்கள் பெரியப்பா. பிரெய்டு (பின்னல் நூல்) வாங்கத்தான் வேண்டுமா? (வேலந்தாவளம்)

மண்புழுவைக் கோத்துத் தக்கை போட்டுக் காத்திருக்கும் தூண்டிலுக்குத் தங்கூசி போதும் என்று உங்கள் பெரியப்பா சொல்வது சரியே. தவளை லூருக்கு அது உதவாது. நைலான் இழுபட்டு நீளும் தன்மை உடையது என்பதால், முப்பது மீட்டர் தூரத்தில் நீங்கள் தூக்கும் விசையின் பெரும்பங்கை நூலே விழுங்கிவிடுகிறது. பிரெய்டு ஏறத்தாழ நீள்வதே இல்லை, மிதக்கிறது, பாசித் தண்டையும் அறுத்துக்கொண்டு வருகிறது. 30 முதல் 40 பவுண்டு வரை வாங்குங்கள். பெட்டியில் பி.இ. என்று தரும் எண் நூலின் தடிமனைச் சொல்வது. ஒரே எண்ணில் இருவேறு நிறுவனங்களின் நூல் தாங்கும் எடை வேறுபடலாம்.

பிரெய்டின் பலவீனம் கல். அணையின் கற்கட்டுச் சரிவில் உரசினால் நொடியில் அறுந்துவிடும் என்பதால், அங்கே மட்டும் லூருக்கும் பிரெய்டுக்கும் இடையே இரண்டு மூன்றடி ஃபுளோரோகார்பன் நூலை லீடராகக் கட்டிக்கொள்ளுங்கள். பாசிக்குள் வீசும்போது லீடர் தேவையில்லை. முடிச்சு பாசியை இழுக்கும்.

தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கொடுவா பிடிக்க விரால் ராடே போதுமா? (குழித்துறை)

சிறிய கொடுவாவுக்குப் போதும். ஐந்து கிலோவுக்கு மேற்பட்டது மாட்டினால் ராடைவிட மற்றவைதான் முதலில் கைவிடும். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல் கூர்மையானது. வாயின் உட்புறமும் அரம் போன்றது. எனவே 40 முதல் 50 பவுண்டு லீடர் கட்டாயம். நன்னீருக்கென்று விற்கும் மின்னோ லூர்களின் மும்முனை முட்களையும் வளையங்களையும் அந்தத் தாடை நிமிர்த்திவிடும் என்பதால், தடித்த கம்பியால் ஆன உவர்நீர் முட்களை வாங்கி மாற்றிப் பூட்டுங்கள். மாற்றிய பின் லூர் சாயாமல் நீந்துகிறதா என்று கரையோரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டே வீச வேண்டும்.

9 முதல் 12 சென்டிமீட்டர் மின்னோ நல்லது. லூரின் முகப்பில் நீட்டியிருக்கும் தகடான நாக்குச் சிறிதாகவும் செங்குத்தாகவும் இருந்தால் லூர் மேலாகவும், நீண்டு முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஆழமாகவும் நீந்தும். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் தாழும் வேளையில், ஆற்றுநீர் கடலுக்குள் வடியும் வாய்க்கால் ஓரங்களில் குஞ்சு மீன்கள் வெளியே அடித்து வரப்படுவதால், கொடுவா அங்கே காத்திருக்கும். மாட்டியதும் அது தலையை உதறித் துள்ளும். அப்போது ராடின் நுனியைத் தாழ்த்துங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு திருப்பி விடுவதே முறை. வீடு திரும்பியதும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரீலின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும்.

ஆனி மழையில் சிவந்த குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளை போட்டால் விரால் நிச்சயம் அடிக்கும் என்கிறார்கள். உண்மையா? (கொல்லங்கோடு)

உண்மை, அதனால்தான் போடக் கூடாது. தாயும் தந்தையும் அந்தக் கூட்டத்தைக் காத்து நிற்பதால் எதை வீசினாலும் அடிக்கும். அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகள் சிறிது நேரத்திலேயே கெண்டைக்கும் குறவைக்கும் இரையாகிவிடும். மழைத் தொடக்கத்தில் முட்டையிட ஏறிவரும் மீன்களைப் பிடிக்கும் ஊத்தைப் பிடித்தத்துக்குக் கேரளத்தில் தடையும் உண்டு. அணைகளில் வீசுவதற்கு முன் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமராவதி அணையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வீசலாமா? (உடுமலை)

கூடாது. அங்கே முதலைகள் இருக்கின்றன.

பெட்டியில் வைத்த ரப்பர் மீன்கள் உருகி ஒட்டிக்கொண்டன. வெயிலாலா? (பொள்ளாச்சி)

வெயில் ஒரு பங்கு. முக்கியக் காரணம் வேறு. மென்லூர்களில் கலந்திருக்கும் மென்மையாக்கும் எண்ணெய் சில வகைப் பிளாஸ்டிக் பெட்டிகளையும், கடின லூர்களின் வண்ணப் பூச்சையும், வேறு மூலப்பொருளால் ஆன மென்லூர்களையும் கரைத்துவிடும். வாங்கிய உறையிலேயே அவற்றைத் தனித்தனியாக வைத்திருங்கள். ஒட்டிப்போனவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு மற்றவற்றை அடுக்குங்கள்.