எதிர்பாராமல் வந்து சேர்ந்த பொறுப்புகள்: எதில் கை வைப்பது, எதைத் தள்ளி வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 27. வேலைக்காகத் தனியே வாடகை வீட்டில் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது தேறி வருகிறார். பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றன, வலக்கையால் எழுதத்தான் முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த வங்கி, காப்பீடு, வரி, வீட்டுக் கடன் எல்லாம் ஒரே வாரத்தில் என் தலையில் விழுந்தன. இதற்கிடையே நான் இருக்கும் வீட்டின் குளியலறைச் சுவரில் ஈரம் பரவுகிறது. தம்பி எதையும் மறுப்பதில்லை. ஆனால் 'சொன்னால் செய்கிறேன் அக்கா' என்பதோடு நின்றுவிடுகிறான். வந்த கடிதங்களைப் பிரிக்கப் பயந்து இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தையும் வேண்டாமென்று எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. எல்லோரும் சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றைவிட அதுதான் உங்களை அதிகம் சோர்வடையச் செய்கிறது. உங்கள் அப்பா இந்தப் பொறுப்புகளை ஒவ்வொன்றாக, பல ஆண்டு இடைவெளியில் ஏற்றுக்கொண்டவர். கடன் வாங்கிய நாளில் கடனைப் பற்றியும், காப்பீடு எடுத்த நாளில் காப்பீட்டைப் பற்றியும் அவர் கற்றுக்கொண்டார். எந்தக் காகிதம் எந்த உறையில் இருக்கிறது என்பது அவருக்குப் பழக்கத்தால் தெரியும். உங்களிடம் வந்து சேர்ந்திருப்பவை அவருடைய வேலைகள் மட்டுமே, அவற்றின் பின்னணி அறிவு வரவில்லை. முதல் முறை செய்யும்போது எந்த வேலையும் பல மடங்கு நேரம் பிடிக்கும். நாம் போடும் நேரக் கணக்கோ எப்போதும் குறைவாகவே இருக்கும். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அது முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், எல்லாமே மோசமாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்னது 48.6 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். தாங்கள் நன்றாக அறிந்த வேலையிலேயே இந்த அளவுக்குக் கணக்குத் தவறுமென்றால், அறியாத வேலையில் ஒரு மாலைப் பொழுதுக்குள் வரிக் கணக்கை முடித்துவிடலாம் என்று எண்ணி ஏமாந்ததற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி அந்த இழுப்பறைக்கு வருவோம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்ற மனநிலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துயரத்தைப் பற்றிய பழமொழியாக அது சரியாக இருக்கலாம். கடிதங்களைப் பொறுத்தவரை சாணுக்கும் முழத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வேலைகளைத் தள்ளிப்போடுவதை நாம் சோம்பலாகவோ நேர நிர்வாகக் குறைபாடாகவோ பார்க்கிறோம். ஆனால் சிரோயிஸ், பிச்சில் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் விளக்கியதுபோல, அதற்குள் பெரும்பாலும் இருப்பது அந்த வேலை எழுப்பும் அச்சத்திலிருந்தும் குற்ற உணர்விலிருந்தும் அந்த நேரத்துக்குத் தப்பிக்கும் முயற்சியே. உறையைப் பிரித்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற எண்ணம்தான் உங்கள் கையைத் தடுக்கிறது. ஆகவே பிரிப்பதையும் செய்வதையும் இரண்டு வெவ்வேறு நாள் வேலைகளாக ஆக்கிவிடுங்கள்.

முதல் நாள் பிரிப்பது மட்டும். எல்லா உறைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, உறையின் முகப்பிலேயே பென்சிலால் மூன்று குறிப்புகளை எழுதுங்கள்: யார் அனுப்பியது, எந்தத் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள், பதில் தராவிட்டால் என்ன ஆகும். அன்று பணம் கட்ட வேண்டாம், யாரையும் அழைக்க வேண்டாம், கடிதத்தை முழுதாகப் படித்துக் கவலைப்படவும் வேண்டாம். ஒரே இடத்திலிருந்து வந்த நினைவூட்டல்கள் பல இருந்தால் அவற்றில் கடைசியானது போதும், மற்றவற்றை அதற்குப் பின்னால் செருகிவிடலாம். அறியாத பெயரில் வந்து உடனே பணம் கேட்கும் கடிதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்து விசாரிக்க வேண்டும். மேசையில் இருப்பது முழுவதும் இப்படிக் குறிக்கப்பட்டவுடன், உங்களை அச்சுறுத்திக்கொண்டிருந்த குவியலில் பெரும்பகுதி விளம்பரமும், ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயமும், தகவலுக்காக மட்டும் அனுப்பியதுமாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

எதை முதலில் செய்வது என்பதை மூன்றாவது குறிப்பைக் கொண்டு முடிவு செய்யுங்கள். கடுமையான மொழியில் எழுதப்பட்ட கடிதம் அவசரமானது என்று பொருளில்லை. தாமதம் ஆக ஆகச் சேதம் வளருமா, வளராதா என்பதே அளவுகோல். கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3 விழுக்காடு கூட்டு வட்டி என்றால், 100 ஆக இருந்த கடன் ஓராண்டில் 142ஐத் தாண்டிவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது உங்கள் அப்பாவின் காப்பீடு. தவணை தவறிச் சலுகைக் காலமும் கடந்துவிட்டால் காப்பீடு காலாவதியாகும். மீண்டும் உயிர்ப்பிக்கக் கேட்கும்போது பல நிறுவனங்கள் அன்றைய உடல்நிலைக்குப் புதிய சான்று கேட்கும். பக்கவாதம் வந்தவருக்கு அந்தச் சான்று கிடைப்பது கடினம். ஒரு நாள் தாமதத்துக்கான அபராதம் சிறியது. காப்பீடு கைநழுவிப் போனால் அதை ஈடுசெய்ய வழியே இல்லாமல் போகலாம். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவின் காப்பீடுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று விசாரித்து, தவணை பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள்.

குளியலறைச் சுவரும் வளரும் வகைதான். நனைந்த பரப்பை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கசிவு குழாயிலா என்று அறிய எளிய சோதனை உண்டு: எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து வையுங்கள், ஓரிரு மணி நேரம் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல் இருந்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் குழாயில்தான் கசிவு இருக்கிறது. நகரவில்லையென்றால் தரை இடுக்கு, கழிவுநீர்க் குழாய், மேல்தளம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். தேதியோடு படமெடுத்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்து வடிவில் அன்றே தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் தகராறு வந்தால் நிற்காது. தெரிவிக்கத் தாமதித்தால் சேதத்தின் ஒரு பகுதி உங்கள் பொறுப்பாகவும் ஆகிவிடக்கூடும். முகவரி மாற்றம், பழைய கணக்கை மூடுவது, அப்பாவின் அலமாரியை ஒழுங்குபடுத்துவது போன்றவை வளராத வகை. அவற்றை மனச்சாட்சி உறுத்தாமல் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள்.

இப்போது தரம் பிரித்தவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். கைபேசியிலும் துண்டுக் காகிதத்திலும் மனத்திலுமாகச் சிதறிக் கிடக்கும்வரை அவை இரவில் உங்களைத் தூங்க விடாது. முடிக்காத வேலை மனத்துக்குள் வந்து வந்து இடையூறு செய்வதை நிறுத்த அதை முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக எழுதி வைத்தாலே அந்த இடையூறு வெகுவாக அடங்குகிறது என்பதை மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் சோதனைகளின் மூலம் காட்டினார்கள். ஆனால் எழுதும் முறை முக்கியம். 'வரி விஷயத்தைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் அது கவலையாகவே இருக்கும். 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்து, சென்ற ஆண்டின் வரிப் படிவம் எங்கே இருக்கிறது என்று கேட்டு எடுப்பேன்' என்று எழுதினால்தான் அது வேலையாகிறது. அலுவலகங்களோடு தொலைபேசியில் பேசும்போதும் இதே நோட்டு பக்கத்தில் இருக்கட்டும். தேதி, பேசியவரின் பெயர், அவர் கொடுத்த குறிப்பு எண், என்ன சொன்னார், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதிவிட்டு, வைப்பதற்கு முன் அதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டி உறுதி செய்யுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்லும் அவதி இதனால் பெருமளவு குறையும்.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான செய்தி, அவருடைய நினைவு தெளிவாக இருக்கிறது என்பது. அவர் சார்பில் வங்கியிலும் மற்ற இடங்களிலும் செயல்படும் அதிகாரத்தை உங்களுக்கு எழுதித் தர வேண்டுமானால், தான் எழுதித் தருவது என்னவென்று புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இருக்கும்போதுதான் அது செல்லும். பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதித் தந்தவர் அறிவுத் திறனை இழந்த பின் செயலற்றுப் போகிறது. அதற்குப் பின்னும் நீடிக்கும்படியான ஏற்பாடு உங்கள் ஊர்ச் சட்டத்தில் உண்டா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் இந்த மாதமே கேளுங்கள். வலக்கையால் எழுத முடியாதவருக்கு இடக்கைக் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ ஏற்கும் நடைமுறை வங்கியில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதுவரை அவசரத்துக்காக அவருடைய கையொப்பத்தை நீங்கள் போடுவதும், அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு கணக்கை இயக்குவதும் கூடாது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் பின்னாளில் அது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கை செயலிழந்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தவர் அல்லர். வாரத்தில் ஒரு மணி நேரம் அவரோடு அமர்ந்து, வந்த கடிதங்களைப் படித்துக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உங்களுக்கு இல்லாத பின்னணி அறிவு முழுவதும் அவரிடம் இருக்கிறது. வீட்டின் பொறுப்பு தன் கையைவிட்டுப் போய்விட்டது என்ற வேதனையும் அவருக்குக் குறையும்.

தம்பியின் 'சொன்னால் செய்கிறேன்' என்ற வாக்கியத்தில்தான் உங்கள் களைப்பின் பாதி இருக்கிறது. குடும்பங்களில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் மன உழைப்பை ஆராய்ந்த அலிசன் டாமிஞ்சர், 35 தம்பதியரிடம் நேர்காணல் நடத்தி 2019இல் வெளியிட்ட கட்டுரையில் அதை நான்காகப் பிரித்தார்: தேவை வருமென்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழிகள் உண்டென்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நிறைவேறுகிறதா என்று கண்காணிப்பது. அவர் ஆராய்ந்தது கணவன் மனைவியரை என்றாலும் அக்கா தம்பிக்கும் அது பொருந்தும் என்றே கருதுகிறேன். தம்பி ஏற்கத் தயாராக இருப்பது இந்த நான்குக்கும் வெளியே இருக்கும் ஓடியாடும் வேலையை மட்டும்; நான்கும் உங்களிடமே தங்கிவிடுகின்றன. எனவே அவனிடம் வேலைகளைச் சொல்லிக்கொண்டிராமல் ஒரு துறையையே ஒப்படையுங்கள். அப்பாவின் மருந்துகள் தீரும் முன் வாங்குவது, மருத்துவரையும் இயன்முறைப் பயிற்சியாளரையும் பார்க்கும் நாள்களை நிர்ணயிப்பது, மருந்தின் பெயரும் அளவும் வேளையும் ஒவ்வாமையும் எழுதிய தாளை அவ்வப்போது திருத்துவது ஆகியவை முழுக்க அவனுடையவை என்றால், நினைவூட்டுவதும் உங்கள் வேலையில்லை. முதல் மாதம் அவன் உங்கள் அளவுக்குச் செய்யமாட்டான். மருந்து தீர்ந்துபோகும் அபாயம் தவிர வேறெதிலும் நீங்கள் தலையிடாமல் இருப்பது கடினம்தான், ஆனாலும் இருங்கள். அவசரத்துக்கு ஒரு வார மருந்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் அந்த அபாயத்துக்கும் வழி செய்தாகிவிடும்.

உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தால், அது பொறுப்புகளின் இயல்பான விளைவு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தச் சந்திப்பையும் நோட்டில் தேதியிட்டு எழுதிவிடுங்கள்.

மேற்படிப்பு இடத்தை வேண்டாமென்று இப்போது எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. அது திரும்பப் பெற முடியாத முடிவு. அத்தகைய முடிவை எடுக்க இது உகந்த காலமல்ல. குடும்பத்தில் ஏற்பட்ட நோயைக் காரணமாகக் காட்டி, சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா, அதற்கு என்ன சான்று வேண்டும், இறுதி விடை தர வேண்டிய கடைசி நாள் எது என்ற மூன்றையும் கேட்டுச் சேர்க்கைப் பிரிவுக்குச் சிறு கடிதம் அனுப்புங்கள். ஒத்திவைக்க இசைந்தால் அந்த உறுதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் கடைசி நாள்வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் காப்பீடு, அதிகாரப் பத்திரம், தம்பியிடம் ஒப்படைத்தது ஆகிய மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அப்பாவோடு பேசி முடிவெடுங்கள்.