செடி கேளுங்கள்: சிகாகோவில் மதுரை மல்லி வருமா?

கேள்வி: மகள் சிகாகோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறாள். கொல்லையில் நல்ல இடம் சும்மா கிடக்கிறது. அவள் பேறுகாலத்துக்காக ஏப்ரலில் போகிறேன், அக்டோபர் வரை இருப்பேன். மல்லிகைப் பதியன் இரண்டும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் இங்கிருந்து கொண்டுபோய் வைக்கலாமா? அந்தக் குளிருக்கு வேறு என்ன தாங்கும்?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: முதலில் பெட்டியிலிருந்து அந்தப் பதியனை எடுத்து வெளியே வையுங்கள் அம்மா. அழகர்கோவில் சாலையில் இருக்கும் எங்கள் நர்சரிக்கு வந்து, "வேரில் ஈரத்துணி சுற்றி, சேலைக்குள்ளே வைத்துவிட்டால் தெரியாதில்ல?" என்று கேட்கும் அம்மாமார் நிறையப் பேர். தெரியும். தாவர நலச் சான்று இல்லாத செடியை அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கறிவேப்பிலைக்கு இன்னும் கெடுபிடி அதிகம். அது எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கிற கிரீனிங் நோயைப் பரப்பும் சிலிட் பூச்சி அதில் தங்கும். இரண்டு செடியும் அங்கேயே வளர்த்து விற்கிறார்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கினாலும் மண்ணில் வைக்கக் கூடாது. நம்மூர் மார்கழிப் பனிக்கே மாட்டுத்தாவணிக்கு மல்லி வரத்துக் குறைந்து, கிலோ ஆயிரங்களில் போகிறது. இத்தனைக்கும் அப்போது விடியற்காலையில் இங்கே 20 டிகிரிதான். சிகாகோவில் 1985 ஜனவரி 20 அன்று ஏறக்குறைய மைனஸ் 33 டிகிரி வரை போனது. 2019 ஜனவரியிலும் மைனஸ் 30-ஐத் தாண்டியது. அந்தக் குளிரில் மல்லிகையின் வேர் தண்ணீரோடு சேர்ந்து உறைந்துவிடும். அப்புறம் தளிர்க்க எதுவும் மிஞ்சாது.

எதைத் தரையில் வைக்கலாம் என்பதற்கு அங்கே சுலபமான வழி இருக்கிறது. குளிர்காலத்தில் ஓர் இடம் சராசரியாக எவ்வளவு கீழே போகும் என்று கணக்கிட்டு, அமெரிக்க வேளாண் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. எண் குறையக் குறையக் குளிர் கூடும். சிகாகோவும் சுற்றுவட்டாரமும் 5, 6-இல் வருகின்றன. 5 என்றால் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 வரை. அங்கே நர்சரிச் செடியில் தொங்கும் சீட்டில் இந்த எண் இருக்கும். 5 அல்லது அதற்குக் கீழே போட்டிருந்தால் தைரியமாகத் தரையில் வைக்கலாம். பூவின் படத்தைப் பார்த்து மயங்காமல் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மல்லிகை 9. ஆகவே தொட்டிதான்.

தொட்டி மல்லியை மே கடைசியில் வெளியே வைக்கலாம். முதல் ஒரு வாரம் நிழலில், பிறகு வெயிலில். செப்டம்பரில் ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கும் முன் வீட்டுக்குள், தெற்கு பார்த்த ஜன்னலோரம். உள்ளே வந்த பிறகு உரம் வேண்டாம். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஹீட்டர் ஓடும் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பிடிக்கும், இலைக்கு அடியில் தண்ணீர் பீச்சி அலசச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் ஜனவரியில் அது இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று குப்பையில் போட்டுவிடுவார்கள். மகளிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்: தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெயில் ஏறும்போது தளிர்க்கும்.

இனி தரைக்கு. என் சிபாரிசு லைலாக். மல்லிகையின் குடும்பமேதான், ஆனால் 3-ஆம் மண்டலக் குளிரையும் தாங்கும் முரட்டுச் செடி. குளிர் படாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது, அதனால் மதுரையில் அதை வைத்துப் பயனில்லை. நீங்கள் இருக்கும்போதே, மே மாதம், தெருவெல்லாம் மணக்கும். நம் மல்லி மணம் வேறு, லைலாக் மணம் வேறு. பிறகு என்னைத் திட்டாதீர்கள். கிட்டத்தட்ட நம் மணம் வேண்டுமென்றால் மாக் ஆரஞ்ச் என்ற புதர்ச்செடி. வெள்ளைப் பூ, ஜூனில் பூக்கும்.

மதுரைக்காரர் கை எங்கே தவறும் என்றால் கவாத்தில். நம் மல்லி புதுத்தளிரில் பூப்பது. அதனால் கார்த்திகை, மார்கழியில் வெட்டிவிடுகிறோம். லைலாக் அடுத்த வருஷ மொட்டைக் கோடையிலேயே பழைய கிளையில் கட்டி வைத்துவிடும். குளிர்காலத்தில் வெட்டினால் அடுத்த மே மாதப் பூ அத்தனையும் போச்சு. பூ முடிந்ததும், ஜூனிலேயே வெட்டிவிட வேண்டும்.

வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாம் அங்கே கோடைக்கால விஷயம். கத்தரியையும் மிளகாயையும் போன உடனே வீட்டுக்குள் நாற்று விட்டு, மே பாதிக்கு மேல் வெளியே நடுங்கள். ஆகஸ்டுக்கு மேல் எந்தச் செடிக்கும் தழைச்சத்து வேண்டாம். இளங்கொழுந்து விட்டால் முதல் உறைபனியிலேயே கருகும்.

கிளம்பும் முன் அக்டோபரில் ஒரு வேலை. பூண்டுப் பற்களைக் கூர் மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள், ஜூலையில் தோண்டலாம். பூச்செடியான டாஃபோடிலின் கிழங்கை ஆறு அங்குலத்தில் வையுங்கள். டியூலிப்பும் வைக்கலாம், ஆனால் அணில் தோண்டித் தின்றுவிடும். டாஃபோடில் விஷம், அதைத் தொடாது. மேலே காய்ந்த இலை மூடாக்கு. பனி பெய்து குவிந்தால் மருமகனை அள்ளிப்போடச் சொல்லாதீர்கள், அந்தப் பனிதான் வேருக்குக் கம்பளி.

கேள்வி: கண்காட்சியில் வாங்கி வைத்த ஆப்பிள் கன்று ஆள் உயரம் வளர்ந்தும் பூக்கவில்லை. என்ன உரம் போடலாம்?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: உரத்தில் ஒன்றும் இல்லை ஐயா. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் மொட்டு விழிக்கும். அன்னா, டார்செட் கோல்டன் போன்ற ரகங்களுக்கு முந்நூறு மணி போதும். உசிலம்பட்டியில் ஒரு மணிகூடக் கிடைக்காது. ஜாவாவின் மலாங் மலைப்பகுதியில் இலையைக் கையால் உருவிவிட்டு மரத்தைப் பூக்க வைக்கிறார்கள், நீங்களும் ஒரு தரம் உருவிப் பாருங்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் குழியில் நான் கொய்யா வைப்பேன்.

கேள்வி: உறைபனியில் பீன்ஸ் கருகுகிறது. என்ன செய்ய?
- வாசகர், மன்னவனூர், கொடைக்கானல்

பதில்: மேகமில்லாமல், காற்றசையாமல் இருக்கும் ராத்திரிதான் ஆபத்து. குளிர்காற்று கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். தை முடியும் வரை பள்ள வயலில் பீன்ஸை விடுத்துப் பூண்டு போடுங்கள். இருக்கிற பயிருக்குச் சாயங்காலமே மண் நனையப் பாய்ச்சுங்கள், ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி விடும். வைக்கோலோ பழைய சாக்கோ மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகிய இலையை உடனே கிள்ளாதீர்கள். அடியில் புதுத்தளிர் எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே வெட்டுங்கள்.