முன்கண்ணாடியில் ஒரு வைப்பர்

வணக்கம் ஐயா.

தூக்கம் வராத இரவுகளில் ரயில் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து எடுத்த காணொலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சென்ற மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதமாக வீட்டோடு கிடக்கிறேன். மாப்பிள்ளை பெரிய தொலைக்காட்சியாக வாங்கி மாட்டி, யூடியூபில் இந்த ரயில் காணொலிகளைத் தேடிக் கொடுத்தார். ஜப்பான், சுவிட்சர்லாந்து, நார்வே என்று தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. இப்போது வீட்டில் இதுவே சண்டை. ஓட்டுநரின் தோள், கைப்பிடி, மீட்டர் எல்லாம் தெரிகிற மாதிரி பின்னாலிருந்து எடுத்தவைதான் எனக்குப் பிடிக்கும். மாப்பிள்ளைக்கு அது சினிமாக் கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறதாம். நட்டநடுவே, கண்ணாடிச் சட்டம்கூடத் தெரியாமல், தண்டவாளம் மட்டும் வரவேண்டும் அவருக்கு. என் மனைவியோ, "ரெண்டு கம்பியையே எவ்வளவு நேரம் பார்க்கிறது? பக்கவாட்டில் ஊரைக் காட்டச் சொல்லுங்க" என்கிறார். உங்கள் கட்சி எது? சரியான கோணம் என்று ஒன்று இருக்கிறதா?

நம் மலேசியாவின் இடிஎஸ் மின்சார ரயிலில் இப்படி எடுத்தால் எப்படி இருக்கும் என்றும் யோசிப்பதுண்டு.

ச., பட்டர்வொர்த்

*

அன்புள்ள ச. ஐயா,

கால் இப்போது தேவலையா? படி ஏறுகிறீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி உங்கள் கட்சி. ஓட்டுநரின் தோள் எனக்கு வேண்டாம், ஆனால் வைப்பர் வேண்டும். கண்ணாடியின் கீழோரத்தில் அந்தக் கறுப்புக் கம்பி படுத்துக் கிடக்க வேண்டும். மழை வந்தால் எழுந்து வேலை செய்ய வேண்டும். காமிரா ஓட்டுநரின் கண் உயரத்தில், நடுவிலிருந்து இரண்டு சாண் அவர் பக்கமாகத் தள்ளி இருந்தால் போதும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு பழைய கறுப்பு வேட்டியால்.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். கோலாலம்பூரில் ஓட்டுநர் அறைக்குள் போக நம்மை யாரும் விடப்போவதில்லை. ஆனால் 1998இல் ஓடத் தொடங்கிய கிளானா ஜெயா எல்ஆர்டி நகர ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியின் முன்கண்ணாடி பயணிகளுக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் ஏறி, கைப்பேசியைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோம்பாக் வரை போனேன். பசார் செனி வரை எல்லாம் நன்றாக வந்தது. அதைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதுமே கண்ணாடி, நிலைக்கண்ணாடி ஆகிவிட்டது. வீட்டில் போட்டுப் பார்த்தால் என் சட்டையின் கோடுகளும், பின்னால் நின்ற அம்மாவின் மார்க்கெட் பையும், கூரை விளக்குகளும் இருட்டில் மிதக்கின்றன. மஸ்ஜித் ஜாமெக் நிலையமும் கேஎல்சிசி நிலையமும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் ஐயப்பன் விரதத்துக்குக் கட்டிய பழைய கறுப்பு வேட்டியை மடித்து எடுத்துப் போனேன். அதைத் தலைக்கு மேல் போட்டுக் கண்ணாடியோடு கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டால் உள்வெளிச்சம் படாது. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றான். "அங்கிள், மேஜிக் காட்டப் போறீங்களா?" என்றான். அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, இரண்டு உள்ளங்கையையும் கண்ணுக்கு இரு பக்கமும் மறைப்பாக வைத்திருந்தான். நான் வேட்டியால் செய்ததை அவன் கையாலேயே முடித்துவிட்டான்.

அந்தக் காணொலியில் வேட்டியின் ஓரம் கீழே இடப்பக்கமாக ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்திருந்தது. வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "அதை ஏன் எடுக்கிறீங்க? அது இருக்கிறதால்தான் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார். எடுத்துவிட்டும் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பட்டை இல்லாதபோது சுரங்கம்தான் நம்மை நோக்கி வந்தது. பட்டை இருந்தபோது நாம் சுரங்கத்துக்குள் போனோம்.

இனி உங்கள் மாப்பிள்ளை பக்கம். அவர் கேட்பதிலும் விஷயம் இருக்கிறது. நேராகப் போகும்போது நாம் போய்ச் சேரவேண்டிய புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். மற்றதெல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பி நாலா பக்கமும் விரிந்து ஓடும், ஓரத்துக்கு வர வர வேகம் கூடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகளின் பார்வையை ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விளக்கியிருக்கிறார். விமானி தரையிறங்குவதற்கு நம்புவது அந்த அசையாப் புள்ளியைத்தான். தண்டவாளம் இதற்கென்றே போட்ட கோலம் மாதிரி. இரண்டு கோடும் அந்தப் புள்ளியில் போய்க் கூடுகின்றன. குறுக்கே எதுவும் இல்லாமல் நட்டநடுவிலிருந்து எடுத்தால் அந்த ஓட்டம் முழுசாகக் கிடைக்கும். பத்து நிமிடத்தில் உடம்பு நாற்காலியை மறந்துவிடும். எனக்குத் தூக்கம் வருவது இந்த வகைக் காணொலியில்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சினிமா பிறந்த கொஞ்ச காலத்திலேயே, 1890களின் கடைசியில், எஞ்சினின் மூக்கில் காமிராவைக் கட்டி இப்படி எடுத்திருக்கிறார்கள். 'ஃபேன்டம் ரைட்' என்று பெயர் வைத்தார்கள், பேய்ச் சவாரி. எஞ்சின் தெரியாது, ஆள் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. பேய் என்பதைவிட தேவர் என்பேன் நான். சுயம்வரத்தில் நளன் உருவில் வந்து உட்கார்ந்திருந்த தேவர்களைத் தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? கால் தரையில் படவில்லை, கண் இமைக்கவில்லை, வியர்க்கவில்லை. சட்டமில்லாத முன்கண்ணாடிக் காட்சி அச்சாக அதுதான். மாப்பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் தேவராக இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கொஞ்சம் வியர்க்க வேண்டும். வைப்பர் வேண்டும் என்பது அதற்குத்தான். அதைப் பார்த்தால்தான் மழை அந்தக் கண்ணாடியில் விழுகிறது, நான் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறேன் என்று படுகிறது.

நீங்கள் கேட்கும் தோளுக்கு வருகிறேன். அதில் எனக்கு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. ஜப்பானிய ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி சிக்னலைச் சுட்டிக்காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்வார். கண் பார்த்ததைக் கையும் வாயும் உறுதிசெய்தால் தவறு குறையும் என்பதற்காக அங்கே வைத்திருக்கும் பழக்கம் அது. உங்கள் கோணத்தில் மட்டும்தான் அது தெரியும். மாப்பிள்ளையின் கோணத்தில் குரல் மட்டும் வரும், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே புரியாது. ஆனால் அறைக்குள் இருட்டு, வெளியே வெயில். காமிரா இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகக் காட்டும். உள்ளே காட்டினால் வெளியே வானமும் நெல்வயலும் வெளுத்துப் போகும். வெளியே காட்டினால் உங்கள் ஓட்டுநர் கரித்துண்டு. நம் கண் இரண்டையும் சமாளிக்கும், காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஜப்பானில் ஓடக்யூ நிறுவனத்தின் ரொமான்ஸ்கார் ரயில்களில் சில வகைகளில், ஓட்டுநரை மாடியில் ஏற்றிவிட்டு முன்கண்ணாடியைப் பயணிகளுக்கே விட்டிருக்கிறார்கள். சண்டையே இல்லை.

ஒரு வகை மட்டும் யாருக்கும் வேண்டாம் என்பேன். அகலக் கோண லென்ஸைப் போட்டு எஞ்சினின் அடிப்பக்கம் ஒட்டி எடுப்பது. மின்கம்பமெல்லாம் குலை தள்ளிய வாழைமரம் மாதிரி வளைந்து வரும். ஜல்லிக்கல்லுக்குப் பக்கத்திலிருந்து எடுப்பதால் அறுபது கிலோமீட்டர் வேகமும் ராக்கெட் மாதிரி தெரியும். ஐந்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது.

உங்கள் துணைவியார் சொல்வதை நீங்கள் இருவரும் சேர்ந்து ஒதுக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது நியாயமில்லை. சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் மலைப்பாதை என்று ஒன்று, 1882இல் திறந்தது. வாசன் என்ற சிற்றூரில் அந்த ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும். அதனால் அந்த ஊரின் ஒரே தேவாலயத்தை மூன்று தடவை பார்க்கலாம், ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்திலிருந்து. முதலில் அண்ணாந்து, அப்புறம் கிட்டத்தட்ட நேருக்கு நேராக, கடைசியில் குனிந்து. இதை முழுசாக அனுபவிக்கச் சன்னலோரம்தான் சரி. முன்காமிராவில் ஓரமாக வந்து ஓரமாகவே போய்விடும். இப்போது அதற்கு அடியில் 57 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 2016இல் திறந்துவிட்டார்கள். அதில் மாப்பிள்ளையின் கோணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நார்வேயின் என்ஆர்கே தொலைக்காட்சி 2009இல் பெர்கன் – ஒஸ்லோ பாதையின் ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை வெட்டாமல் ஒளிபரப்பியபோது இந்தச் சிக்கல் வந்தது. வழியெல்லாம் சுரங்கம். ரயில் இருட்டுக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பாதையின் பழைய படச்சுருள்களைப் போட்டுச் சமாளித்தார்கள். முன்காமிரா ஒன்றை மட்டும் நம்பவும் இல்லை, பக்கவாட்டிலும் வைத்திருந்தார்கள். அதாவது உங்கள் வீட்டம்மா பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, உங்களுக்கு எதிர்க்கரையில் பினாங்குக் கொடிமலை ரயில் இருக்கிறதே. 2011இல் புதுப்பித்த பிறகு வண்டி மாறாமல் ஒரே மூச்சில் ஏறுகிறது, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். மேலே போகும்போது முன்பக்கம் இடம் பிடிக்க எல்லாரும் முண்டியடிப்பார்கள். அங்கே தெரிவது சரிவும், கம்பியும், செடியும். பாதி வழியில் எதிர்வண்டி விலகிப் போகும் அரை நிமிடம் மட்டும் சுவாரசியம். பின்பக்கம் ஒதுங்கி நிற்கிறவருக்குத்தான் ஜார்ஜ்டவுன் கூரை கூரையாக விரிந்து, அப்புறம் கடல், அதற்கப்பால் உங்கள் பட்டர்வொர்த் வரை தெரியும். போகும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கிற இந்தக் கோணம் உங்கள் வீட்டுச் சண்டையில் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இடிஎஸ் பற்றிக் கேட்டீர்கள். முன்கண்ணாடியிலிருந்து எடுத்தால், உள்ளதைச் சொல்கிறேன், பெரும்பகுதி சப்பென்று இருக்கும். இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்சாரம் கொடுத்தபோது வளைவு நெளிவுகளைக் குறைத்துவிட்டார்கள். 140 கிலோமீட்டர் வேகம் வரை போக அது வேண்டும்தான். பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே பழைய பாதை மலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குகைகளாகப் புகுந்து வரும். இன்று நீளச் சுரங்கம். மற்றபடி வேலி, கம்பம், செம்பனை. வேலி, கம்பம், செம்பனை. வடக்கே வரும்போது புக்கிட் மேரா ஏரி ஒன்றுதான் விதிவிலக்கு, அங்கேயும் முன்காட்சி தோற்றுப் போகும். முன்னாலிருந்து பார்த்தால் நேரான பாலம், இரண்டு பக்கமும் கொஞ்சம் தண்ணீர். சன்னலோரம் உட்கார்ந்தால் பாலமே கண்ணில் படாது. ரயில் தண்ணீர்மேல் நடக்கும். மருத்துவர் பயணம் போகலாம் என்றதும் உங்கள் துணைவியாரைச் சன்னலோரம் உட்காரவைத்து ஒருமுறை அழைத்துப் போங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். மாப்பிள்ளை அவருடைய தேவலோகக் காணொலியைப் போடும் நேரத்துக்கு முன்பே, இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புக் காகிதம் வெட்டி, தொலைக்காட்சித் திரையின் கீழோரத்தில் கொஞ்சம் சாய்வாக வைத்து ஒட்டிவிடுங்கள். திரையில் கறை படியாத பசை நாடாவாக இருக்கட்டும், இல்லையென்றால் என் பெயரைச் சொல்லாதீர்கள். எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பிய்த்தெறிய அவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.